பழைய பூட்ஸை அனுப்பவில்லை

அன்புள்ள மகளுக்கு,

பரணில் கிடக்கும் உன் பழைய பூட்ஸை அனுப்பிவைக்கும்படி தம்பியிடம் நீ கேட்டதாக, நேற்று வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் அவன் சொன்னான். பத்து நாள் மலை நடைக்குப் போகிறாய் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். யாருடன் போகிறாய் என்று அவனுக்கும் தெரியவில்லை. உன்னிடம் நான் கேட்கப்போவதில்லை. பூட்ஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதை அனுப்பமாட்டேன். இறக்கிப் பார்த்தேன், மேல்தோல் நேற்று வாங்கியதைப்போலத்தான் இருக்கிறது. ஆனால் குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்தியதும் சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது, சற்று வளைத்ததும் ரப்பர் அடி வாய் பிளந்துகொண்டது. நடுவில் மெத்தையாக வைக்கும் பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருள், காற்றிலுள்ள ஈரம் பட்டே ஆண்டுக்கணக்கில் சிதைந்துபோகும். அணியாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் அதே கதிதான். வீட்டில் முழுதாகத் தெரிவது மலையில் இரண்டாம் நாள் அடி கழன்று நிற்கும். ஆகவே புதிதாக வாங்கிக்கொள்.

வாங்குவதற்கு மாலையில் போ. பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையில் நடக்கப்போவதும் அந்தக் கால்தான். அங்கே அணியப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, லேஸைக் கட்டுமுன் பாதத்தை முன்னால் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா என்று பார். பிறகு இறுகக் கட்டிக்கொண்டு படிகளில் ஏறி இறங்கு. இறங்கும்போது விரல் நுனி இடித்தால், அது எவ்வளவு பிடித்திருந்தாலும் வேண்டாம்; ஏறும்போது குதிகால் மேலெழும்பினாலும் வேண்டாம், ஏனென்றால் கொப்புளம் அங்கேதான் தொடங்கும். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பது அரிது, பெரிய பாதத்துக்கு ஏற்றதை எடு. வாங்கிய உடனே கிளம்பிவிடாமல், இரண்டு வாரமாவது பையையும் சுமந்துகொண்டு நடந்து பழக்கு.

கணுக்காலை மூடும் தோல் பூட்ஸா, இலேசான ஷூவா என்று நீ என்னிடம் கேட்டிருந்தால், பாதையையும் சுமையையும் பொறுத்தது என்று சொல்லியிருப்பேன். காலில் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலை நடப்பவர்களின் பழைய கணக்கு. எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி 1955-இல், தமது 67-ஆம் வயதில், 3,000 கிலோமீட்டரைத் தாண்டும் அப்பலாச்சியன் பாதையைச் சாதாரணக் கான்வாஸ் ஷூக்களோடு, தோளில் ஒரு துணிப்பையைப் போட்டுக்கொண்டு தனியாக நடந்து முடித்தார். தனியாக என்ற சொல்லை எழுதிய பிறகு அடித்துவிடலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும்.

பருத்திச் சாக்ஸ் மட்டும் வேண்டாம். அது வியர்வையைப் பிடித்துவைத்துத் தோலை ஊறவைக்கும், ஊறிய தோல் சீக்கிரம் உரிந்துவிடும். கம்பளி இழையோ செயற்கை இழையோ நல்லது. பையின் எடை உன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம். முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கி, அதற்குப் பிறகு தோள்பட்டையைச் சரிசெய். சுமையில் பெரும்பகுதியை இடுப்புதான் தாங்கவேண்டும். நீ எல்லாவற்றையும் தோளிலேயே சுமப்பவள் என்பதால் சொல்கிறேன். மறக்காமல் எடுத்துக்கொள்: மழை மேலாடை, தலைவிளக்கு, வரைபடம், ஒரு விசில். விசிலை மும்மூன்று முறை ஊதினால் உதவி கேட்கிறார்கள் என்று பொருள், அதைப் பையின் அடியில் போடாமல் தோள்பட்டையில் கட்டிக்கொள்.

உனக்குப் பதின்மூன்று வயதில் நாம் போன அந்த மலையிலிருந்து எல்லோருக்கும் முன்னால் இறங்கி வந்தவள் நீதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உன் பெருவிரல் நகங்கள் இரண்டும் கறுத்து, இரண்டு மாதத்தில் கழன்று விழுந்ததை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த ஷூவை நான்தான் வாங்கினேன். உன்னை அழைத்துப் போகாமல், காலையில் அலுவலகம் போகும் வழியில், காகிதத்தில் வரைந்த உன் பாத அளவுக்கு ஒரு நூலும் கூடாமல் வாங்கி வந்தேன். இறக்கத்தின் பாதியில் நீ விரல் வலிக்கிறது என்றாய். அத்தனை பேர் முன்னால் நான் “நடிக்காதே” என்றேன். நீ முன்னால் ஓடியது என்னிடமிருந்து விலகிப் போகத்தான் என்பது அன்றே எனக்குத் தெரியும், தெரிந்தும் அதைப் பெருமையாக மாற்றிவைத்துக்கொண்டேன். வலிக்கிறது என்று அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் சொன்னதில்லை. இந்த மூன்று மாதத்திலும் சொல்லவில்லை.

நடக்கும்போது பாதத்தில் எங்காவது சூடாகத் தெரிந்தால் அடுத்த வளைவு வரட்டும் என்று பொறுக்காதே. அங்கேயே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, அந்த இடத்தில் டேப் ஒட்டு. கூட யாராவது வந்தால் அவர்கள் காத்திருக்கட்டும்.

ஷூவுக்கு நானே பணம் அனுப்பலாம் என்றிருந்தேன். பிறகுதான் உன் கால் அளவு இப்போது என்ன என்பதுகூட எனக்குத் தெரியாது என்று உறைத்தது. அதை மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: மாலையில் போ. காலையில் வாங்காதே.