ஜனவரி 15: ரொமானா அக்கோஸ்டா பன்யுவேலோஸ் நினைவு நாள்

வணக்கம் நண்பர்களே. உங்கள் பணச் சேகரிப்பு ஆல்பத்தில் 1969C அல்லது 1969D வரிசை (நோட்டிலேயே அச்சிட்டிருக்கும்) அமெரிக்க ஒரு டாலர் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். இடப்பக்கம் கையெழுத்திட்டிருப்பவர் ரொமானா. 1971 முதல் 1974 வரை அமெரிக்காவின் கருவூலர். அந்தப் பதவிக்கு வந்த முதல் மெக்சிகோ வம்சாவளிப் பெண்.

1925இல் அரிசோனாவில் மியாமி என்ற சுரங்க ஊரில் பிறந்தவர் (ஃப்ளோரிடா மியாமி இல்லை). பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், மெக்சிகோக்காரர்கள் என்று சொல்லி அவர் குடும்பத்தையும் மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அம்மா எம்பனாடா (உள்ளே பூரணம் வைத்த பண்டம்) சுட, இவர் கூடமாட உதவி செய்து வளர்ந்தார். பதினாறு வயதில் கல்யாணம், இரண்டு பையன்கள், அப்புறம் மணமுறிவு. பிள்ளைகளோடு லாஸ் ஏஞ்சலஸ் வந்து பாடுபட்டுச் சேர்த்த 400 டாலரில், 1949இல் ஒரு டோர்டியா (மெக்சிகோ ரொட்டி) இயந்திரமும் மாவு அரைக்க ஒரு கிரைண்டரும் வாங்கித் தொழில் தொடங்கினார். கூட நின்றவர் அத்தை. 1964இல் மெக்சிகோ வம்சாவளி மக்களுக்காக ஒரு வங்கியும் தொடங்கினார்.

துரத்திய நாட்டின் பணத்திலேயே அவர் பெயர் முழுசாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. 2018இல் இதே நாளில், 92 வயதில் மறைந்தார்.

C வரிசையில் அவருடன் அப்போதைய நிதி அமைச்சர் கானலி கையெழுத்து, D வரிசையில் அடுத்த நிதி அமைச்சர் ஷுல்ட்ஸ். நோட்டு வைத்திருப்பவர்கள் இன்று இரவுக்குள் படம் எடுத்துப் போடுங்கள். கையெழுத்து தெளிவாகத் தெரியட்டும்.