டொலீடோவில் ஆடிய இரண்டு ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1980-ஆம் ஆண்டு லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி சோவியத் அணியை வென்றது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். ஆட்டத்தின் போக்கை விவரித்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், வென்றவர்கள் அனைவரையும் 'கல்லூரி மாணவர்கள்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டது, அணித்தலைவர் மைக் எருசியோனியைப் பொறுத்தவரை சரியன்று. அப்போது அவருக்கு வயது 25. கல்லூரியிலிருந்து வெளியேறி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவற்றில் இரண்டு சீசன்களை அவர் ஒரு சிறு தொழில்முறை லீக்கில் ஆடிக் கழித்திருந்தார்.

பாஸ்டனை ஒட்டிய வின்த்ராப் என்ற கடலோர ஊரில் பிறந்த எருசியோனி, 1973 முதல் 1977 வரை பாஸ்டன் பல்கலைக்கழக அணியில் ஃபார்வர்டாக ஆடினார். அந்த நான்கு ஆண்டுகளிலும் அவ்வணியே கிழக்குக் கல்லூரிகளின் சாம்பியன். 127 ஆட்டங்களில் 92 கோல்கள் அவருடையவை. சக வீரர்கள் கோல் போட உதவியதையும் சேர்த்தால் 208 புள்ளிகள். இத்தனை இருந்தும், வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏலத்தில், (ஏலம் என்பது நம் கிரிக்கெட் பழக்கத்தில் வந்த சொல், அங்கே பணம் கூவுவதில்லை, அணிகள் முறை வைத்துப் பெயர் சொல்லும்) ஓர் அணிகூட அவர் பெயரைச் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவருக்கு அன்று திறந்திருந்த வழி, ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ கோல்டிக்கர்ஸ் போன்ற ஓர் அணிதான். கண்ணாடிக்கும் ஜீப்புக்கும் பெயர் போன தொழில் நகரம் அது. அந்த அணி ஆடிய இன்டர்நேஷனல் ஹாக்கி லீக்கின் பெயரில்தான் உலகம் இருந்ததே தவிர, ஃபோர்ட் வெய்ன், ஃப்ளின்ட், சாகினா, கலமாசூ என்று அதன் ஊர்கள் பெரும்பாலும் பேருந்தில் போய்வரும் தொலைவில் இருந்த தொழிற்சாலை நகரங்களே. கல்லூரியின் கடைசி ஆண்டில் எருசியோனி ஆடியது 34 ஆட்டங்கள்; இங்கே ஒரு சீசனுக்கு அதைப்போல இரு மடங்குக்கும் மேல். கல்லூரி ஆட்டத்தில் கைகலப்புக்கு இடமில்லை. இந்த லீக்கிலோ அது அன்றாடம். இந்தச் சூழலில்தான், முதல் சீசனிலேயே, அமெரிக்காவில் பிறந்த சிறந்த புதுமுக வீரர் என்ற விருதை அவர் பெற்றார். அதே 1978-இல் டொலீடோ அணி லீக்கின் டர்னர் கோப்பையையும் வென்றது. இவ்வளவையும் விட்டுவிட்டு ஒருவரை மாணவர் என்று எழுதினால், அவர் பாடுபட்டுக் கற்ற பகுதியைத்தான் நாம் அழிக்கிறோம்.

இனி அந்த கோலுக்கு வருகிறேன். பிப்ரவரி 22 அன்று, மூன்றாம் பகுதியில், மார்க் ஜான்சன் ஆட்டத்தை 3-3 எனச் சமன் செய்து சிறிது நேரமே ஆகியிருந்தது. சக வீரர் பஸ் ஷ்னைடர் பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வட்டு) சோவியத் எல்லைக்குள் அடித்துவிட்டு ஓய்வுக்காக வெளியேற, அவர் இடத்தில் எருசியோனி களத்துக்குள் குதித்தார். மற்றொரு அமெரிக்க வீரர் பாவலிச் தள்ளிவிட்ட பக் அவரிடம் வந்தபோது, எதிரே நின்ற தடுப்பாட்டக்காரரையே திரையாக வைத்துக்கொண்டு, மணிக்கட்டின் வீச்சில் அதை வலைக்குள் அனுப்பினார். கோல்காப்பாளர் மிஷ்கினால் தடுக்க முடியவில்லை. ஆட்டம் முடிய இன்னும் சரியாகப் பத்து நிமிடங்கள் இருந்தன. இதில் தங்கள் கட்டுரையாளர் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு: வெளியேறிய ஷ்னைடரும் கல்லூரிக்குப் பின் தொழில்முறை அணிகளில் ஆடியவர், 1976 ஒலிம்பிக்கிலும் பங்கேற்றவர். அந்த ஒரு நொடி மாற்றத்தில் உள்ளே வந்தவரும் வெளியே போனவரும் மாணவர்கள் அல்லர்.

அணியில் பெரும்பாலோர் கல்லூரிகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அல்லது அண்மையில் படித்து முடித்தவர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. எதிரணியினரும் ஆவணத்தில் அமெச்சூர்களே, அதாவது ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்களே; அவர்களுள் பலர் மாஸ்கோவின் இராணுவ விளையாட்டுக் கழகத்தில் பதவி வகித்தபடி ஆண்டு முழுவதும் பயிற்சி பெற்றவர்கள் என்பது ஊரறிந்த செய்தி. ஒரு பக்கத்துக்கு மட்டும் அந்த நுணுக்கத்தைக் காட்டி, மறுபக்கத்தைச் சிறுவர் கூட்டமாக்குவது கதைக்குச் சுவை கூட்டலாம், வரலாறு ஆகாது. பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ் கடைசிக் கட்டத்தில் புதிய வீரர்களைக் கொண்டுவர முயன்றபோது, அதுவரை சேர்ந்து உழைத்தவர்கள் எதிர்த்து நின்றதும், போதிய கோல் இல்லை என்று எருசியோனியின் இடமே கேள்விக்குள்ளானதும் பலமுறை எழுதப்பட்டவைதான். டொலீடோவில் அவர் பட்ட பாடு தெரிந்தால்தான், அந்த இடம் அவருக்கு எவ்வளவு பெரிது என்பது புரியும்.

அடுத்த ஆட்டத்தில் ஃபின்லாந்தை 4-2 என வென்று தங்கம் பெற்றபின், அவரோடு ஆடியவர்களில் 13 பேர் என்.எச்.எல்.-க்குச் சென்றனர். எருசியோனி செல்லவில்லை, ஒலிம்பிக்கோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். ஆக, அவருடைய தொழில்முறை வாழ்க்கை என்பது பெரும்பாலும் டொலீடோவில் ஆடிய அந்த இரண்டு சீசன்கள்தான். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவீர்களானால், அந்த இரண்டு சீசன்களுக்கு ஒரு வரியேனும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்