எடைக்குப் போடறதுக்கு முன்னாடி மூடியைக் கழட்டிப் பாருங்க

வேளச்சேரில இருக்குற நம்ம ஃபிளாட் அசோசியேஷன் தலைவர் சார், செயலாளர் சார், எல்லா பிளாக் அண்ணன்கள் அக்காக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வர்ற ஞாயித்துக்கிழமை காயலான் கடைக்காரர் வண்டி வருது, ஸ்டோர் ரூம்ல கெடக்குற பழைய கம்ப்யூட்டர் எல்லாத்தையும் கிலோ கணக்குல போட்டுட்டு வர்ற காசை பொங்கல் விழாவுக்கு வெச்சுக்கலாம்னு லிஃப்ட் பக்கத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க. ரூமை காலி பண்ணணும்ங்கறதுல எனக்கு மறுபேச்சே இல்ல, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ அங்க தண்ணி நின்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எடைக்குப் போடறதை மட்டும் ஒரு வாரம் தள்ளி வைங்க, அவ்ளோதான் கேக்குறேன்.

மொதல்ல ஹார்டு டிஸ்க். அதுல என்ன இருக்குனு யோசிச்சீங்களா, ஆதார் ஸ்கேன், பான் கார்டு, வீட்டுப் பத்திரம், வில்லங்க சான்றிதழ், பொண்ணோட ஜாதகம்னு மொத்த குடும்பமும் அதுக்குள்ளதான் இருக்கு. "நான் ஃபார்மட் பண்ணிட்டேன் தம்பி"னு சி பிளாக் சார் சொன்னாரு, ஆனா குயிக் ஃபார்மட் பண்ணா எந்த ஃபைல் எங்க இருக்குங்குற கணக்கு மட்டும்தான் போகும், ஃபைல் அப்படியே உள்ள இருக்கும், இலவசமா கெடைக்குற ரெகவரி சாஃப்ட்வேர்லயே நிறைய மீட்டுடலாம். டிஸ்க் ஓடுதுன்னா குயிக் ஃபார்மட் டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மட் பண்ணுங்க, நேரம் ஆகும், ராத்திரி போட்டுட்டு தூங்கிடுங்க. சுத்துற தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க்னா அதை அழிக்க செக்யூர் எரேஸ்னு தனியா ஒரு வழி இருக்கு. ஓடவே இல்லன்னா கழட்டி டிரில் போட்டு உள்ள இருக்குற தட்டு வரைக்கும் ஓட்டை போட்டுடுங்க. டிஸ்க்கோட சிபியுவை வண்டில ஏத்தறது மட்டும் வேணாம்.

அடுத்தது, இதெல்லாம் நெஜமாவே செத்துப்போன சிஸ்டமா? பாதிப்பேர் புதுசு வாங்குனதுக்கு காரணமே 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சுடுச்சுங்கறதுதான், விண்டோஸ் 11 போடலாம்னு பாத்தா டிபிஎம் 2.0ங்குற செக்யூரிட்டி சிப் வேணும், இன்டெல் பிராசசர்ல 8வது ஜெனரேஷனாவது இருக்கணும்னு சொல்லி வேணாம்னுடுச்சு. இதுல ஒண்ணு கவனிங்க, 8வது ஜெனரேஷன் மெஷின்லயே டிபிஎம், பயோஸ்ங்குற ஸ்டார்ட் ஆகும்போது வர்ற செட்டிங்ஸ்ல ஆஃப்ல கெடக்கலாம், ஆன் பண்ணா விண்டோஸ் 11 ஏறிடும், அந்த மாதிரி சிஸ்டத்தை தூக்கிப் போட்டவங்க நம்ம பிளாக்லயே இருப்பாங்கனு நெனைக்கிறேன். அதுக்கு முந்தின மெஷின்ல விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் போடலாம், காசு கெடையாது, தமிழ் டைப் பண்ண தமிழ்99 கீபோர்டும் வரும், எம்எஸ் ஆபீஸ் மாதிரியே இருக்குற லிப்ரே ஆபீஸ்ல கணக்கு வழக்கு பாக்கலாம். ராம், அதாவது மெமரி, பத்தலன்னா ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல பழைய மெஷினுக்கான டிடிஆர்3 ராம் செகண்ட் ஹேண்ட்ல கெடைக்கும், பழைய ஹார்டு டிஸ்க்குக்கு பதிலா சின்னதா ஒரு எஸ்எஸ்டி மாட்டிப் பாருங்க, அதே மெஷினானு கேப்பீங்க.

டிஸ்ப்ளே வரலன்னு ஓரங்கட்டுன சிஸ்டத்தைக்கூட ஒரு தடவ சைடு மூடியைக் கழட்டிப் பாருங்க. பின்னாடி ரெண்டு ஸ்க்ரூதான். ஃபேன்ல கம்பளி மாதிரி தூசி அடைஞ்சிருக்கும், அதிர்ஷ்டம் இருந்தா ஒரு காஞ்ச பல்லியும் இருக்கும். ராமைக் கழட்டி அந்த தங்கக் கலர் பல்லு வரிசையை பென்சில் ரப்பரால தேய்ச்சு டப்னு சத்தம் வர்ற மாதிரி அழுத்தி மாட்டுனா பல நேரம் டிஸ்ப்ளே வந்துடும். இன்னொரு கேஸ், ஆன் ஆவுது ஆனா எந்த பேங்க் சைட்டும் திறக்க மாட்டேங்குதுன்னு ஒரு அக்கா மூட்டை கட்டிட்டாங்க, பாத்தா தேதி 2009க்குப் போய் நிக்குது, மதர்போர்டுல சிஆர்2032னு காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது தீந்துருக்கு, தேதி தப்பா இருந்தா சைட் அசல்தான்னு காட்டுற சர்டிபிகேட்டை பிரவுசர் நம்பாது, அவ்ளோதான் விஷயம்!

சிலர் ஃபைல் எல்லாம் சேத்து வைக்க எப்பவும் ஆன்ல இருக்குற சர்வரா வீட்லயே வெச்சுக்கறேன்னு சொல்றாங்க, ஆசைதான், ஆனா 80 வாட் இழுக்குற டெஸ்க்டாப்பை 24 மணி நேரமும் ஓட்டுனா ரெண்டு மாசத்துக்கு 115 யூனிட் ஆகும், ஈபில இலவசமா வர்ற யூனிட்ல பெரும்பங்கை அதுவே தின்னுடும். ஆதரவற்றோர் ஹோமுக்கு குடுத்துடலாம்னு சொல்றவங்களுக்கு, மொதல்ல அவங்களுக்கு வேணுமானு போன் பண்ணி கேளுங்க, குடுத்தா மானிட்டர் கீபோர்டு மவுஸோட ஓடுற செட்டா குடுங்க, ஓட்டை கேபினெட்டை அங்க கொண்டு போய் எறக்குறதுக்கு பேரு தானம் இல்ல. சொல்லப்போனா நம்ம செயலாளர் சாரே மெயின்டனன்ஸ் கணக்கை போன்ல போட்டு கண்ணை சுருக்கிட்டு இருக்காரு, மொதல் சிஸ்டம் அசோசியேஷன் ரூமுக்கே போடலாம்.

தேறவே தேறாததுதான் மிச்சம். நாம பல்க் கன்ஸ்யூமர் இல்ல, அது ஒரு நிதியாண்டுல எப்பவாவது 1000 எலக்ட்ரானிக் பொருளாவது பயன்படுத்துற நிறுவனங்களுக்குன்னு செயலாளர் சார் சொன்னது சரிதான், 2023 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைல இருக்குற இ-வேஸ்ட், அதாவது மின்னணுக் கழிவு விதில அப்படித்தான் இருக்கு. ஆனா எடைக்குப் போற வயரை செம்புக்காக எரிக்குறாங்க, போர்டை தங்கத்துக்காக ஆசிட்ல போடுறாங்க, பழைய டப்பா மானிட்டர் கண்ணாடில ஈயம் இருக்கு, இதை ஒடைக்குறவங்க கைல கிளவுஸ்கூட இருக்காது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்துல பதிவு பண்ண ரீசைக்ளர் யாருனு லிஸ்ட் பாத்து மொத்தமா ஒரு லோடா குடுத்துடலாம், கிலோவுக்கு கொஞ்சம் கம்மியா வரலாம், அந்த பணத்தை பொங்கலுக்கு நாங்க ஏழெட்டு பேர் போட்டுடறோம்.

வர்ற சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டோர் ரூம் சாவியை குடுங்க போதும். ஸ்க்ரூ டிரைவர், பிரஷ், மின்ட் ஏத்துன பென்டிரைவ் எல்லாம் நான் எடுத்துட்டு வரேன். யாரோட சிஸ்டமோ அவங்க பக்கத்துல நின்னு டிஸ்க்கை கையோட வாங்கிட்டுப் போயிடுங்க. யூபிஎஸ் பேட்டரி வெச்சிருக்கவங்க அதைக் கீழ கொண்டு வர வேணாம், இன்வர்ட்டர் கடைல புதுசு வாங்கும்போது எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துப்பாங்க.

இப்படிக்கு,
ஏ பிளாக் ரெண்டாவது மாடிக்காரன்