அந்த ஐந்து குமிழ்களைப் பற்றி, தமிழாசிரியர்களுக்கு

அன்புள்ள தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, தொடக்கநிலை 5 படிக்கும் என் மகள் கட்டுரையை முழுதாக எழுதி முடித்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து, எழுதும் முன் யோசனைகளை வரைந்துகொள்ளும் மனவரைபட (மைண்ட் மேப்) தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள். நடுவில் தலைப்பு, சுற்றி ஐந்து குமிழ்கள்: யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது, முடிவு. "இதைத்தானே முதல்ல செய்யணும்?" என்றேன். "இதையும் சேர்த்துக் கொடுக்கணும்மா. கட்டுரையைப் பார்த்து எழுதினா சுலபம்" என்றாள். அலுவலகக் கூட்டம் முடிந்த பிறகு நிகழ்ச்சி நிரல் தயாரிப்பவள் நான். அவளை என்ன சொல்ல?

மனவரைபடத்தை 1970களில் பரப்பிய டோனி புசான் வைத்த விதிகள் எளியவை. தாளைப் படுக்கவாட்டில் வை, நடுவில் படம் வரை, கிளைக்கு ஒரு சொல், நிறங்கள் சேர். எந்தக் கிளை நீளும் என்று முன்பே தெரியாததுதான் அதன் பயன். குமிழ்களை நாமே அச்சடித்துக் கொடுத்தால் அது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விண்ணப்பப் படிவம் மாதிரி ஆகிவிடுகிறது.

அடுத்த வாரம் 'நான் தொலைத்த பொருள்' என்ற தலைப்பு. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தைக் கொடுத்தேன். குடை ஒன்று வரைந்தாள். ரெயின், லிஃப்ட், பாட்டி என்று கிளைகள். பாதி ஆங்கிலம், நான் வாய் திறக்கவில்லை. பாட்டியிலிருந்து மட்டும் கிளைகள் பெருகிக்கொண்டே போயின: தைலம், தேக்கா சந்தை, அடையாளத்துக்காகக் கைப்பிடியில் பாட்டி கட்டிய சிவப்பு நூல். கட்டுரையே அந்த நூலில்தான் இருந்தது. அச்சுத் தாளில் பாட்டி 'யார்' குமிழுக்குள் ஒற்றைச் சொல்லாக நின்றிருப்பார்.

ஆனால் எது முன், எது பின் என்று மனவரைபடத்துக்குத் தெரியாது. குமிழுக்கு ஒரு பத்தி என்று எழுதினால் மளிகைப் பட்டியல்தான் வரும். 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் உருவாக்கிய கருத்து வரைபடத்தில் கோடுகளின் மேலும் சொற்கள் இருக்கும். அதைக் கடன் வாங்கினோம். கோடுகளில் 'ஆனால்', 'அதனால்', 'அதற்குள்' என்று எழுதி, கடைசியில் 1, 2, 3 போட்டாள். மொத்தம் ஏழு நிமிடம் ஆனது. பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) கட்டுரைக்குக் கிடைக்கும் 50 நிமிடத்தில் அவ்வளவு கொடுக்கலாம்.

உங்கள் வேலைப்பளு தெரியும். அச்சுத் தாள் என்றால் ஒரே பார்வையில் திருத்திவிடலாம், சரி. ஆனால் வரைபடத்தைத் திருத்தவே வேண்டாம் என்கிறேன். வெற்றுத்தாள் கொடுங்கள். எழுத்துப்பிழைக்குச் சிவப்புப் பேனா எடுக்காதீர்கள். ஒருமுறை வெண்பலகையில் நீங்களே, அடித்துத் திருத்தி, அலங்கோலமாக வரைந்து காட்டுங்கள். கிளையில் ஆங்கிலம் வந்தாலும் விட்டுவிடுங்கள். இதைச் சிலர் ஏற்கமாட்டீர்கள். 'ரெயின்' என்று வரைந்தவள் கட்டுரையில் 'தூறல்' என்று எழுதினாள், என்னிடம் கேட்டுத்தான்.

அன்புடன்,
சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாய்