மீட்பில் போர் விமானிகளின் பங்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எதிரியின் பகுதியில் வீழ்ந்த விமானிகளைக் காப்பாற்றும் போர்க்கள மீட்புப் பணி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, ஹெலிகாப்டர் குழுவினரைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, அவர்களுக்கு வழி திறந்துகொடுத்த போர் விமானிகளை ஒரே வரியில் கடந்துவிட்டது.

வளைகுடாப் போரின்போது, 1991 ஜனவரி 21 அன்று ஈராக் ஏவுகணையால் வீழ்த்தப்பட்ட அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 விமானத்தை ஓட்டிய டெவன் ஜோன்ஸ், பாலைவனத்தில் கத்தியால் குழி தோண்டி ஒளிந்திருந்தார். அவரைத் தேடிச் சென்ற பால் ஜான்சன், ராண்டி காஃப் ஆகியோர் ஓட்டிய ஏ-10 தரைத்தாக்குதல் விமானங்கள், நடுவானில் மீண்டும் மீண்டும் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, எட்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்தன. கம்பியில்லாத் தொடர்புக் கருவியில் கேட்ட ஜோன்ஸின் குரலைப் பின்பற்றி இடத்தைக் கண்டுபிடித்ததும் தாழப் பறந்து வந்தவர்கள், மீட்பு ஹெலிகாப்டர் நெருங்கிய வேளையில் ஜோன்ஸை நோக்கி விரைந்த ஈராக் லாரியை 30 மி.மீ. பீரங்கியால் தகர்த்தனர். அந்தச் சில நிமிடங்கள் பிசகியிருந்தால், ஹெலிகாப்டர் எதிரியின் கையில்தான் இறங்கியிருக்கும். ஜோன்ஸுடன் பறந்த லாரன்ஸ் ஸ்லேடு சிறைப்பட்டார் என்பதையும் மறப்பதற்கில்லை.

வியட்நாம் போரில் ஸ்கைரெய்டர் என்னும் தாக்குதல் விமானங்கள் இதே பணியைச் செய்தபோது சூட்டப்பட்ட 'சாண்டி' என்ற அழைப்புப் பெயரையே இவர்களும் தாங்கிப் பறந்தார்கள். (பெயர் மென்மையானது, வேலை அப்படியல்ல.) அடுத்த கட்டுரையிலாவது இவர்களைப் பற்றிச் சில பத்திகள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்