மலையில் வாங்கிய வீடு பற்றி அப்பாவுக்கு

பர்ன்ஸ்வில்,
வட கரோலினா.
16.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். வெள்ளிக்கிழமை காலை வீட்டின் கிரயம் முடிந்து சாவி எங்கள் கைக்கு வந்தது. சென்ற மாதம் தொலைபேசியில் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டீர்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வழி யாருடையது, பத்திரத்தில் வில்லங்கம் உண்டா. அன்று நான் அரைகுறையாகப் பதில் சொன்னது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால், இப்போது எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன்.

இது அப்பலாச்சியன் மலைத்தொடரில் யான்சி கவுண்டியை (நம் மாவட்டம் போன்றது) சேர்ந்த இடம். எங்களுக்குத் தெற்கே இருக்கும் மிட்செல் மலை 6,684 அடி உயரம். கொடைக்கானலைவிடச் சற்றுத் தாழ்வு என்றாலும், இந்நாட்டில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. வீடு 1978இல் மரத்தால் கட்டியது, 1,150 சதுர அடி, இரண்டு படுக்கையறைகள். நிலம் 4 ஏக்கர் 60 சென்ட். அதில் சமதளம் ஒரு ஏக்கர்கூடத் தேறாது, மற்றதெல்லாம் சரிவும் காடும்தான். ஆனால் சரிவு தெற்கு பார்த்தது. குளிர்காலத்தில் இங்கே சூரியன் தெற்கே வெகுவாகச் சாய்ந்து போவதால், வடக்குச் சரிவில் இருக்கும் வீடுகளில் பனி வாரக்கணக்கில் உருகாமல் கிடக்கும். போடியில் இருக்கும் உங்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். எங்களுக்கோ விலையைவிட இது முக்கியமாகப் பட்டது.

முதலில் தண்ணீர். 320 அடி ஆழ்துளைக் கிணறு ஒன்று இருக்கிறது. நம் ஊரைப் போலவே இங்கும் அடியில் கடும்பாறை. பாறை வெடிப்புகளில் ஊறுகிற நீர்தான் கிடைக்கும் என்பதால், பக்கத்துத் தோட்டத்தில் நன்றாக ஊறுகிறது என்பதை நம்பி முன்பணம் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் சொல்வது இங்கும் அப்படியே பொருந்துகிறது. நான்கு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தோம். நிமிடத்துக்கு 20 லிட்டர் குறையாமல் வந்தது. இது தவிர, வீட்டுக்கு மேலே பாறையிடுக்கில் ஓர் ஊற்றும் இருக்கிறது. சென்ற ஆண்டுப் புயலில் மின்சாரம் போய் எல்லாக் கிணறுகளும் பயனற்றுப் போனபோது, அக்கம்பக்கத்தார் பல நாள் அந்த ஊற்றிலிருந்துதான் குடம் குடமாக எடுத்துச் சென்றார்களாம். வீட்டை விற்ற பாட்டி அதைச் சொன்ன அன்றே எனக்கு மனம் நிலைத்துவிட்டது.

நாங்கள் முதலில் பேசிய வேறொரு வீடு கைநழுவிய காரணத்தை உங்களிடம் மறைத்திருந்தேன். இந்த மாநிலத்தில் விசாரித்துப் பார்க்கும் நாட்களுக்காக விற்பவருக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். வாங்கினால் அது விலையில் கழியும், வேண்டாம் என்று விலகினால் திரும்பி வராது. மூன்று படுக்கையறை என்று விளம்பரம் செய்திருந்த அந்த வீட்டின் செப்டிக் டேங்குக்கு, சுகாதாரத் துறை இரண்டு அறைக்கு மட்டுமே அனுமதி அளித்திருந்தது. ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 120 கேலன், அதாவது சுமார் 450 லிட்டர் என்று கணக்கிட்டு, கழிவுநீரை மண் உறிஞ்சுமா என்று பார்த்தே அனுமதி தருகிறார்கள். கழிவுநீரை மண்ணில் பரப்பும் கூடுதல் குழாய் பதிக்க அங்கே சரிவு இடம் கொடுக்கவில்லை. 2,000 டாலர் போயிற்று. மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அனுமதிச் சீட்டை முதலிலேயே கேட்டு வாங்காதது என் தவறுதான்.

அடுத்தது வழி. அரசுச் சாலையிலிருந்து வீட்டுக்கு 600 அடி தூரம் சரளைப் பாதை, இருவர் நிலத்தின் ஊடாக வருகிறது. 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் இந்த மலைகளைத் தாக்கியபோது, இதே கவுண்டியில் ஓரிடத்தில் சில நாட்களுக்குள் 30 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைச்சரிவும் வெள்ளமும் பாதைகளை அறுத்துவிட்டன. அரசுச் சாலையைச் செப்பனிடுவது மாநிலத்தின் பொறுப்பு, தனியார் பாதையையும் பாலத்தையும் செப்பனிடுவது அந்தந்த வீட்டாரின் பொறுப்பு. அதனால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிப் பதியாத இடங்களில் பெரும் மனக்கசப்பு உண்டாயிற்று. நம் பத்திரங்களில் வரும் ‘மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்’ எங்கள் பத்திரத்திலும் இருக்கிறது. சரளைக்கும் மதகுக்கும் மூன்று வீட்டாரும் சமமாகப் பணம் போடுவதாகத் தனி ஒப்பந்தமும் பதிவாகியிருக்கிறது. வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்தையும் மண்சரிவையும் ஏற்பதில்லை என்பதால், வீட்டின் பின்புறச் சரிவை ஒரு நிலவியலாளரிடம் காட்டிய பிறகே கையெழுத்திட்டோம்.

வில்லங்கத்தை வழக்கறிஞர் பார்த்தார். பழைய பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருந்த விதத்தை நீங்கள் படித்தால் மகிழ்வீர்கள்: வெள்ளைக் கருவாலி மரத்திலிருந்து ஓடையின் போக்கிலேயே சென்று பாறையைத் தொட்டுத் திரும்பும் என்று இருந்தது. அந்த மரம் இப்போது இல்லை. சர்வேயர் வந்து இரும்புக் கம்பிகள் அடித்தார். நம் பத்திர எழுத்தர் ‘நிதி நிட்சேப ஜல தரு பாஷாண’ என்று எழுதும்போது சடங்குக்கு எழுதுவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். இங்கே பாஷாணம், அதாவது நிலத்தடிக் கல்லும் கனிமமும், உண்மையிலேயே தனிச் சொத்து. அப்பிரகம் (மைக்கா), பெல்ட்ஸ்பார் ஆகிய கனிமங்களைத் தோண்டிய பகுதி இது. சிலிக்கான் சில்லுத் தொழிலுக்கு வேண்டிய மிகத் தூய குவார்ட்ஸ் பக்கத்து ஊரான ஸ்புரூஸ் பைனில் கிடைக்கிறது. ஆகவே நிலத்தை ஒருவருக்கும் அடியில் உள்ள கனிமத்தை இன்னொருவருக்கும் விற்றிருக்க இடமுண்டு. எங்கள் நிலத்தில் அப்படிப் பிரிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். முத்திரை வரி ஆயிரத்துக்கு இரண்டு டாலர்தான், அதையும் விற்பவர்தான் கட்டுகிறார். நம் பக்கம் வாங்குபவர் முத்திரை வரியும் பதிவுக் கட்டணமும் சேர்த்து நூற்றுக்கு ஒன்பது கட்டுவதை வழக்கறிஞரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

விலை 2,60,000 டாலர். முப்பது ஆண்டுக் கடன். தவணை நாங்கள் கொடுத்துவந்த வாடகையைவிடச் சற்றே கூடுதல். ஆள் அரவமற்ற இடம் என்று அம்மா கவலைப்பட வேண்டாம். சாவி வாங்கிய அன்று மாலையே கீழ்வீட்டார் விறகு கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போனார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். ஊற்றைச் சுற்றியிருந்த கல் புயலில் சரிந்து கிடக்கிறது. நம் மேட்டுத் தோட்டத்து ஊற்றுக்கு நீங்கள் சுண்ணாம்பு சேர்க்காமல் வெறுங்கல்லால் கட்டியது நினைவிருக்கிறது. ஊற்றுக்கண் அடைபடாதிருக்க முதல் வரிசைக் கல்லை எவ்வளவு தள்ளி வைத்தீர்கள், மேல்மண் உள்ளே இறங்காமல் எப்படித் தடுத்தீர்கள் என்று படம் போட்டு எழுதி அனுப்புங்கள். மண் உறைவதற்கு முன் வேலையைத் தொடங்க வேண்டும்.

தங்கள் அன்பு மகள்