அப்பச்சிக்கு, நீல மாளிகையைப் பார்த்துவிட்டு

கோலாலம்பூர்

அன்புள்ள அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும்,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். அப்பத்தாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மழைக்காலத்தில் கூடுதலாகத்தான் இருக்கும், வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே பங்காளிகள் கூட்டம், நம் செட்டிநாட்டு வீட்டை விற்பது என்று பேச்சு சூடாகிவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படித்துவிட்டுப் பெரியப்பச்சிக்கும் படித்துக் காட்டுங்கள்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பினாங்கு போய் வந்தோம். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்தே போக வேண்டும் என்று நினைத்த ஊர்தான். இங்கே வாழ்க்கை அப்படி ஓடுகிறது: விடிவதற்குள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்குப் போய், சாயங்கால மழையிலும் நெரிசலிலும் வீடு திரும்பினால் வாரம் முடிந்துவிடும். பெரியவன் பள்ளியில் பேசும் மலாயை வீட்டுக்கும் கொண்டு வந்து, தங்கையோடு சண்டை போடுவதுகூட அதில்தான். உங்கள் அப்பா, நம் ஐயா, வட்டித் தொழிலுக்கு எந்த ஊருக்குக் கொண்டுவிக்கப் போனார்கள் என்று அவன் பார்க்கட்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

காரில் சுமார் 350 கிலோமீட்டர். தீவுக்குள் போகும் பாலம் மட்டும் பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளம், 1985-ல் திறந்தது. ஐயா காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் நாள் கணக்கில் கடல்தான். பாலத்தில் போகும்போது அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

ஜார்ஜ் டவுனை நாங்களாகச் சுற்றவில்லை. ஒரு சுற்றுலாக் குழுவில் பதிவு செய்து, வழிகாட்டியோடு நடந்தே பார்த்தோம். அவர் பினாங்கிலேயே பிறந்த தமிழர். மலாய், ஆங்கிலம், தமிழ், சீனர்களின் ஹொக்கியன் நான்கும் சரளமாகப் பேசினார். பிரான்சிஸ் லைட் 1786-ல் வந்து இறங்கிய இடத்தில் இருக்கும் கோட்டையை முதலில் காட்டினார். கோட்டை பெரிதாக ஒன்றும் இல்லை, பீரங்கிமேல் ஏறிப் பார்க்கச் சின்னவள் ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்த தெரு இருக்கிறதே! ஒரே தெருவில் 1818-ல் கட்டிய ஆங்கிலேயர் தேவாலயம், சீனர்களின் கருணைத் தாய் கோயில், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பக்கத்துத் தெருவில் 1833-ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில். பள்ளிவாசல் வாசலில் நின்று, "இதைக் கட்டியவர்களும் நம்ம கரையிலிருந்து வந்தவர்கள்தான்" என்று அவர் தமிழில் சொன்னபோது உங்கள் மருமகள் நெகிழ்ந்துவிட்டாள்.

கூ கோங்சி என்று ஒரு சீனக் குலத்தாரின் மண்டபம். ஒரே ஊரிலிருந்து வந்த ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் சேர்ந்து கட்டியது. முதலில் கட்டியது 1901-ல் எரிந்துபோய், 1906-ல் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். முன்னோர் பெயர்ப் பலகைகளுக்கு ஒரு சன்னிதி. பக்கத்துச் சுவரில் அந்தக் குலத்தில் யார் எந்தப் பட்டம் வாங்கினாலும் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்து மாட்டியிருக்கிறார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி கொடுத்து நகரக் கோயிலை நடத்துகிற நமக்கு இது புரியாதா? அப்பச்சி, நீங்கள் பார்த்திருந்தால் அந்தச் சுவரை விட்டு நகர்ந்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் பினாங்குத் தெரு. நம்மவர்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த தெரு. இப்போது நாணயம் மாற்றும் கடைகளும் ஜவுளிக் கடைகளும் நிறைந்து கிடக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடு அங்கேதான் இருக்கிறது. ஒரு நீளமான கூடம், வரிசையாகப் பெட்டியடி, ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு கடைக்கும், ஒரு பெட்டி, பகலில் கணக்கு, ராத்திரி அங்கேயே படுக்கை என்று வழிகாட்டி விவரித்தார். ஐயா சொன்னது அப்படியே வார்த்தை மாறாமல் வந்தது. உதவி ஆளாக, அடுத்தாளாகச் சேர்ந்து, மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியும் என்று ஐயா சொல்வார்கள் இல்லையா? அந்த வட்டிப் பணத்தில்தான் நம் வீட்டுத் தேக்குத் தூண்கள் வந்தன. பெரியவன் அந்தத் தெருவில் வெகு நேரம் ஒன்றுமே பேசவில்லை. சாயங்காலம் தண்ணீர்மலைக்குப் போய் தண்டாயுதபாணியைக் கும்பிட்டோம். உங்கள் பெயருக்கும் அப்பத்தா பெயருக்கும் அர்ச்சனை செய்தேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் நீல மாளிகை போனோம். சியோங் ஃபட் ட்ஸே என்பவர் கட்டியது. சின்ன வயதில் ஏழையாகச் சீனாவிலிருந்து பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு வந்து, பெரும் செல்வராகி, 1916-ல் இறந்தவர். வீட்டில் 38 அறைகள், ஐந்து முற்றங்கள், 220 ஜன்னல்கள். உள்ளே வழிகாட்டியோடுதான் சுற்றிப் பார்க்க முடியும். எங்களுக்கு வந்தவர் ஒரு வயதான சீன அம்மா. நடு முற்றத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, மேலே திறந்த வானத்தைக் காட்டி, "மழை வீட்டுக்குள் விழ வேண்டும், தண்ணீர்தான் செல்வம், அதை மெதுவாகத்தான் வெளியே விட வேண்டும்" என்றார். நம் வீட்டு நடு முற்றமான வளவில் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்ததைச் சின்னவள் உடனே அவரிடம் சொன்னாள். அந்த அம்மா சுற்றுலாவை நிறுத்திவிட்டு, நம் வீட்டைப் பற்றி முழுதாகக் கேட்டார். இங்கிலாந்திலிருந்து பூக்கல், ஸ்காட்லாந்திலிருந்து வார்ப்பிரும்பு என்று அவர் அடுக்க, பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என்று நான் அடுக்கினேன். அந்த நீல நிறமே சுண்ணாம்பில் அவுரி கலந்து பூசியது, அவுரி போனது இந்தியாவிலிருந்து.

சுவர் விஷயத்தில் அந்த அம்மா சொன்னதை நம் கொத்தனாரிடம் அவசியம் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பிப் பிளந்துவிடும். நம் இரண்டாங்கட்டுச் சுவர் நிற்கிற நிலைக்கு இதுதான் காரணம். மறுபடியும் சிமென்ட் வேண்டாம்.

அந்த வீட்டுக்கு நடந்ததைக் கேளுங்கள். கடைசி மகன் இருக்கிறவரை வீட்டை விற்கக் கூடாது என்று சியோங் உயில் எழுதி வைத்திருந்தார். அந்த மகன் 1989-ல் இறந்தார். அதற்குள் பராமரிப்பு இல்லாமல் வீடு சிதைந்து, அறை அறையாக வாடகைக்குப் போய்விட்டது. இடிக்கப்படுமோ என்ற நிலையில் பாதுகாப்பில் ஆர்வம் உள்ள சிலர் சேர்ந்து வாங்கி, சீனாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்துச் சரிசெய்தார்கள். 2000-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாதுகாப்பு விருது கிடைத்தது. இன்று ஒரு பகுதி தங்கும் விடுதி, ஒரு பகுதி சுற்றுலா. வீட்டின் செலவை வீடே சம்பாதிக்கிறது.

ஆனால் அந்த ஊரில் எல்லாமே நன்றாக நடக்கவில்லை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்ததும், 2000 முதல் வாடகை ஏறி, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. காலி வீடுகளின் ஜன்னலை அடைத்து, சூப்புக்கு விற்கும் கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தவர்களும் உண்டு. 2008-ல் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகுதான் அதற்குத் தடை வந்தது. "சுவர் மிஞ்சிவிட்டது, என் பள்ளித் தோழர்கள் யாரும் இந்தத் தெருவில் இல்லை" என்று நடைச் சுற்றுலாவில் எங்கள் வழிகாட்டி சொன்னார். எனக்கு நம் தெரு கண்முன் வந்தது. பூட்டிய முகப்புகள், காவலுக்கு ஒரு ஆள், கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வளவு.

நம் செட்டிநாட்டு ஊர்களும் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. முழுப் பட்டியலில் ஏறும் வரை வீடு காத்திருக்காது. தூணும் நிலையும் கதவும் பழைய பொருள் கடைக்குப் போய்விட்டால், யார் வந்து என்ன பார்ப்பது? அதனால் அப்பச்சி, விற்பதற்கு என் புள்ளி சார்பில் சம்மதம் இல்லை. கூட்டத்தில் இதை வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

சம்மதம் இல்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கப் போவதில்லை. என் யோசனை இது. முகப்பையும் மேல்மாடியையும் மட்டும் பார்வையாளர்களுக்குத் திறக்கலாம். ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டைக் காட்டுகிறார்கள், கானாடுகாத்தானில் விடுதியே நடத்துகிறார்கள். வளவும் இரட்டை அறைகளும் சாமி வீடும் புள்ளிகளுக்கு மட்டும், பூட்டியே இருக்கட்டும். அப்பத்தா கவலைப்படுகிற மாதிரி வேற்றாள் யாரும் அங்கே வர வேண்டியதில்லை. வீட்டைச் சுற்றிக் காட்ட அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கலாம். வெறுமனே கதவைத் திறந்துவிட்டால் படம் எடுத்துவிட்டுப் போவார்கள். யார் எந்தக் கப்பலில் போனார், எந்தப் பணத்தில் எது வந்தது என்று சொல்ல ஆள் இருந்தால்தான் நின்று பார்ப்பார்கள், அதை இரண்டு நாளும் கண்ணால் பார்த்தேன். ஓடு மாற்றும் செலவில் என் பங்கை இந்த மாதமே அனுப்புகிறேன். அமெரிக்காவில் இருக்கும் சின்னப்பச்சி வீட்டாரிடம் நானே பேசுகிறேன்.

கூட்டத்துக்கு முன்னால் இரண்டு வேலை. காரைக்குடியிலிருந்து விலை கேட்டு வரும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள், அளவெடுக்கக்கூட வேண்டாம். மேல்மாடிப் பெட்டகத்தில் ஐயாவின் பினாங்குப் பேரேடுகள் இருக்கின்றன, அவற்றை எடுத்துப் பூச்சி தட்டி, நிழலில் உலர வைத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தம்பிக்கு அது வரும்.

படைப்புத் தேதி முடிவானதும் உடனே தெரிவியுங்கள். திருச்சி விமானத்துக்கு இப்போதே டிக்கெட் போட்டால்தான் நாலு பேருக்கும் கட்டுப்படியாகும்.

உங்கள் அன்பு மகன்